நெடும்பயண மோட்டார் சைக்கிளின் கதை

மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டவுடன் இளைஞர்கள் கேட்கும் முதற் கேள்வி, “இது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?” என்பதே. கேள்வி தவறானதன்று, ஆனால் முழுமையானதும் அன்று. நூறு கெஜ ஓட்டத்தில் முதற் பரிசு பெற்ற ஒருவனை அழைத்து, “இருபது மைல் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று இச்செய்தியைச் சேர்த்து வா” என்று அனுப்பினால், மற்றவர்களைவிட அவனே முன்னதாகச் சென்று சேர்வான் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஒரு நிமிடத்துக்குரிய திறமை வேறு; ஒரு நாளுக்குரிய திறமை வேறு. முதல் திறமை கண்ணைக் கவர்வது; இரண்டாவது திறமை காலத்தால் அறியப்படுவது. இந்த இரண்டாவது திறமையை மனிதர் ஓர் இயந்திரத்துக்குள் எவ்வாறு சிறிது சிறிதாகச் சேர்த்தனர் என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

மோட்டார் சைக்கிள்களில் பல வகை உண்டு. பந்தயத்துக்கு உரியவை சில. ஊருக்குள் அலுவலாகச் சென்று வருவதற்கு உரியவை பல. ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் கடந்து, மறுநாளும் அவ்வாறே கடந்து, இருவரையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து செல்வதற்கென்றே அமைந்தவை ஒரு தனி வகை. அவற்றை நெடும்பயண மோட்டார் சைக்கிள் என்று கூறலாம். இவ்வகையில் உலகறிந்தது, ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 1974-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய ‘கோல்ட் விங்’ என்பதாகும். பொற்சிறகு என்பது அப்பெயரின் பொருள். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை உணர வேண்டுமாயின், அது ஓடுவதற்கு வாய்த்த அமெரிக்கச் சாலைகளின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

1903-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் ஜார்ஜ் வைமன் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்டார். அவரது வண்டி, மிதிவண்டிச் சட்டத்தில் ஒரு சிறிய எஞ்சினைப் பொருத்திய அமைப்பே. அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றேகால் குதிரைச் சக்தி. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசென்றது ஒரு தோல் வார். மேற்குப் பகுதியில் சாலை என்று சொல்லத்தக்கது இல்லாத இடங்களில், அவர் ரயில் தண்டவாளங்களின் குறுக்குக் கட்டைகளின் மேல் வண்டியை ஓட்டிச் சென்றார். பயணத்தின் இறுதியில் எஞ்சின் கைவிட்டுவிடவே, கடைசி 150 மைல் தொலைவை மிதித்தே கடந்து ஜூலை 6-ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தார். அமெரிக்கக் கண்டத்தை மோட்டார் வாகனத்தில் குறுக்கே கடந்த முதல் மனிதர் அவரே. ஆயினும், பயணத்தின் முடிவில் யார் யாரைச் சுமந்தனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்!

பதினோர் ஆண்டுகள் சென்றன. 1914-ஆம் ஆண்டில் ‘கேனன்பால்’ பேக்கர் என்று புகழ்பெற்ற எர்வின் பேக்கர், இந்தியன் என்னும் அமெரிக்க மோட்டார் சைக்கிளில் சான் டியேகோவிலிருந்து நியூயார்க்கை பதினொன்றரை நாள்களில் அடைந்தார். அடுத்த ஆண்டில் எஃபி ஹாட்ச்கிஸ் என்ற இளம்பெண், தம் தாயார் ஏவிஸைப் பக்கவண்டியில் அமர்த்திக்கொண்டு, ஹார்லி-டேவிட்சன் வண்டியில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று திரும்பினார். வழியில் சக்கரத்துக்குரிய ரப்பர்க் குழாய்கள் தீர்ந்துபோனபோது, போர்வையை வெட்டிச் சுருட்டி டயருக்குள் திணித்துப் பயணத்தைத் தொடர்ந்தார் என்பர். இவர்களுடைய மனவுறுதி போற்றத்தக்கது. ஆனால் அந்நாளில் நெடும்பயணத்தின் வெற்றி, வண்டியின் சிறப்பைவிட ஓட்டுநரின் பொறுமையையே பெரிதும் நம்பியிருந்தது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் ஜெர்மனியில் 1923-ஆம் ஆண்டில் ஒரு புதுமை தோன்றியது. விமான எஞ்சின்களை ஆக்கிவந்த பி. எம். டபிள்யூ. நிறுவனத்தின் பொறியியலறிஞர் மாக்ஸ் ஃபிரிட்ஸ், ‘ஆர் 32’ என்னும் மோட்டார் சைக்கிளை வகுத்தார். அதன் ஆற்றல் எட்டரைக் குதிரைச் சக்திதான். ஆயினும் இரண்டு அரிய கருத்துகள் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. முதலாவது, இரண்டு சிலிண்டர்களும் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகப் படுக்கை வாட்டில் கிடந்தன. இரண்டாவது, பின்சக்கரத்தை இயக்கச் சங்கிலி இல்லை. இரும்பாலான ஒரு சுழல் தண்டு அவ்வேலையைச் செய்தது. இவ்விரண்டு கருத்துகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், உலகின் மறுகோடியில் அவை மீண்டும் நம்மைச் சந்திக்கும்.

இதற்கிடையில் அமெரிக்கச் சாலைகள் மாறின. 1956-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களிடைப் பெருஞ்சாலைகள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. வைமன் பட்ட மேடும் பள்ளமும் மறைந்தன. ஆனால் ஒரு துன்பம் நீங்கினால் மற்றொரு துன்பம் தலைகாட்டுவது இயற்கை. திருப்பமும் தடையும் இல்லாத சாலையில், ஒரே வேகத்தில், மணிக்கணக்காக ஓடவேண்டிய நிலை ஏற்பட்டது. இப்போது ஓட்டுநருக்குப் பகை சாலையன்று. காற்று, அதிர்வு, ஓசை, வெப்பம், அலுப்பு ஆகிய ஐந்துமே பகை.

அதிர்வு ஒன்றை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 2,40,000 சுழற்சி. எட்டு மணி நேரத்தில் 19,20,000 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு சிறு குலுக்கல் கைப்பிடி வழியாக உள்ளங்கையைச் சேருமானால், மாலையில் அக்கையின் நிலை என்னவாகும்? முதல் நிமிடத்தில் இன்பமாகத் தோன்றும் துடிப்பு, எட்டாவது மணி நேரத்தில் தண்டனையாக மாறிவிடும். ஆகவே நெடும்பயண வண்டியின் உண்மையான தேர்வு, அது ஓடத் தொடங்கும் முதல் நிமிடத்தில் நடைபெறுவதில்லை. ஓட்டுநர் இறங்கவிருக்கும் எட்டாவது மணி நேரத்தில் நடைபெறுகிறது. இதுவே இவ்வரலாற்றின் உயிர்நாடியான உண்மை.

அமெரிக்கர் இதனை அறியாதவரல்லர். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1965-ஆம் ஆண்டில் ‘எலெக்ட்ரா கிளைடு’ என்னும் பெருவண்டியை, பொத்தானை அழுத்தினால் எஞ்சின் புறப்படும் வசதியுடன் வெளியிட்டது. அகன்ற இருக்கையும், பக்கப் பெட்டிகளும், காற்றுத் தடுப்பும் கொண்ட வண்டிகள் அந்நாட்டில் ஒரு மரபாகவே வளர்ந்திருந்தன. ஆனால் அவற்றின் எஞ்சினில் இரண்டு பெரிய சிலிண்டர்களே இருந்தன. அதிர்வு மிகுதி, சங்கிலிக்கு இடைவிடாத பேணுதல் தேவை.

இந்நிலையில் ஜப்பானியர் வருகின்றனர். சோயிச்சிரோ ஹோண்டா 1948-ஆம் ஆண்டில் ஹமமட்சு நகரில் தம் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1959-இல் அந்நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன் அமெரிக்கக் கிளையைத் திறந்தது. 1969-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ‘சி. பி. 750’ என்னும் நான்கு சிலிண்டர் வண்டி, 67 குதிரைச் சக்தியுடன் உலகையே வியக்கச் செய்தது. சில ஆண்டுகளில் கவாசாகி நிறுவனம் 903 கன சென்டிமீட்டர் எஞ்சினுடைய ‘இசட் 1’ வண்டியைக் கொண்டுவந்து அதனை விஞ்சியது. அடுத்து என்ன செய்வது? இன்னும் வேகமான ஒன்றை ஆக்கிப் போட்டியைத் தொடர்வது ஒரு வழி. வேகம் என்ற அளவுகோலையே மாற்றி வேறொரு திசையில் நடப்பது மற்றொரு வழி. ஹோண்டா இரண்டாவது வழியைத் தேர்ந்தது.

1972-ஆம் ஆண்டில் ஒரு பொறியியற் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஷோயிச்சிரோ இரிமஜிரி. பந்தய எஞ்சின்களை வகுத்துப் புகழ் பெற்றவரே நெடும்பயண வண்டியை ஆராய முன்வந்தார் என்பது சுவையான செய்தி. அக்குழு முதலில் ஆக்கிய சோதனை வண்டியின் பெயர் ‘எம் 1’. அதன் எஞ்சின் 1,470 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுக்கை வாட்டில் அமைந்திருந்தன. சுழல் தண்டு பின்சக்கரத்தை இயக்கிற்று. எஞ்சின் மிக மென்மையாக ஓடிற்று. ஆயினும் அவ்வண்டி விற்பனைக்கு வரவில்லை.

ஏன்? எஞ்சின் பழுதன்று, அதன் நீளமே தடையாயிற்று. எஞ்சினும் அதன் பின்னால் கியர்ப் பெட்டியும் இடத்தை அடைத்துக்கொண்டதனால், மனிதர் வசதியாகக் கால் வைத்து அமர்வதற்கு இடம் போதவில்லை. சிறந்த எஞ்சினைப் பெற்ற பின்னரும், அதன்மேல் அமரவேண்டிய மனிதனுக்கு அது பொருந்தவில்லை என்பதற்காக அதனை ஒதுக்கிவைத்தனர். மாணவர்களே, இந்த முடிவைச் சிறிதாக எண்ணாதீர்கள். மனிதனை இயந்திரத்துக்கு ஏற்ப வளைப்பது எளிது. இயந்திரத்தை மனிதனுக்கு ஏற்ப வளைப்பதே அரிது. அரியதையே அவர்கள் மேற்கொண்டனர்.

பின்னர்த் தோஷியோ நோசுவே என்பவரின் தலைமையில் வண்டி புதிதாக வகுக்கப்பட்டது. ஆறு சிலிண்டர்கள் நான்காயின. கியர்ப் பெட்டி எஞ்சினின் பின்னாலிருந்து அதன் அடிப்பகுதிக்கு இறக்கப்பட்டது. நீளம் குறைந்தது, மனிதனுக்கு இடம் கிடைத்தது. இவ்வாறு உருவான ‘ஜி. எல். 1000 கோல்ட் விங்’ 1974 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. 1975-இல் விற்பனைக்கு வந்தது. 999 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 80 குதிரைச் சக்தி, ஐந்து கியர்கள், எரிபொருளும் எண்ணெயும் இன்றியே 260 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை.

அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருந்தன. எதிரெதிராக உள்ள பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே செல்லும். ஒரே நேரத்தில் உள்ளே திரும்பும். இருவர் ஒருவரையொருவர் உள்ளங்கையால் தள்ளினால் நடுவிலுள்ள விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதைப் போல, இப்பிஸ்டன்களின் உதைப்பும் பெரும்பகுதி நடுவிலேயே அடங்கிவிடுகிறது. உள்ளங்கைக்குச் செல்லவேண்டிய குலுக்கல் எஞ்சினுக்குள்ளேயே மடிகிறது. ஆர் 32 வண்டியின் முதற் கருத்து இங்கே நான்கு சிலிண்டர்களாக விரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

இவ்வகை எஞ்சினுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் முதன்மைத் தண்டு வண்டியின் நீளவாட்டில் சுழல்வதால், திடீரென்று வேகத்தைக் கூட்டும்போது வண்டி ஒரு புறமாகச் சாயப் பார்க்கும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் விதியை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதன் பயன் இது. இதற்கு மாற்றாக, மின்னாக்கியை எதிர்த்திசையில் சுழலுமாறு அமைத்தனர். ஒரு சுழற்சி வலப்பக்கம் இழுத்தால், மற்றொரு சுழற்சி இடப்பக்கம் இழுத்து அதனைச் சமன் செய்கிறது.

அடுத்து நீர்க் குளிர்ப்பு. காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சின், ஓடும்போது குளிர்ந்தும், நெரிசலில் நிற்கும்போது கொதித்தும் நிலைமாறும். நீர் சூழ்ந்த எஞ்சின் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். நீருறை ஓசையையும் ஓரளவு விழுங்கிவிடும். வெப்பம், ஓசை ஆகிய இரண்டு பகைகள் இவ்வொரு ஏற்பாட்டினால் தணிந்தன.

சங்கிலிக்குப் பதிலாகச் சுழல் தண்டு வந்தது. திறந்த வெளியில் ஓடும் சங்கிலி மழையில் நனையும், மண்ணில் தேயும், நீளும். எண்ணெயிட்டும் இறுக்கியும் பேணாவிட்டால் நடுவழியில் கைவிடும். மூடிய குழாய்க்குள் எண்ணெயோடு சுழலும் தண்டுக்கு அத்தொல்லை இல்லை. அது சற்றுக் கனமானது. ஆற்றலில் ஒரு சிறு பகுதியையும் தின்றுவிடும். பந்தய வண்டிக்கு இந்த இழப்புப் பெரிது. நெடும்பயண வண்டிக்கோ, ஆயிரம் மைல் தொலைவிலும் கை கறைபடாமல் இருப்பதே பெரிது. நோக்கம் மாறும்போது நன்மை தீமைகளின் எடையும் மாறுகின்றது.

பெட்ரோல் தொட்டி எங்கே என்று தேடினால் வியப்பு ஏற்படும். வழக்கமான இடத்தில் தொட்டியைப் போலவே தோன்றும் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் மின் இணைப்புகளும், அவசரத்துக்குரிய ஓர் உதைமிதியும் காணப்படும். 19 லிட்டர் கொள்ளும் உண்மையான தொட்டி இருக்கையின் கீழ் மறைந்திருந்தது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் அறிவீர்கள். கனமெல்லாம் அடியில் இருப்பதனாலேயே அது சாய்த்தாலும் நிமிர்கிறது. மோட்டார் சைக்கிள் தானாக நிமிர்வதில்லை என்றாலும், கனம் தாழ்ந்திருந்தால் ஓட்டுநர் அதனைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் செலுத்தும் முயற்சி குறையும். படுத்த எஞ்சினும் தாழ்ந்த தொட்டியும் சேர்ந்து, பெரிய எடையை ஆளத்தக்க எடையாக ஆக்கின. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், ஒரு முறை நிரப்பிய தொட்டியுடன் 300 கிலோமீட்டர் வரை செல்லலாம்.

இத்தனை சிறப்புகள் இருந்தும் ஒரு பெருங்குறை இருந்தது. அவ்வண்டியில் காற்றுத் தடுப்பு இல்லை, பெட்டிகளும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும் என்பது பௌதிக நூல் கூறும் உண்மை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மார்பைத் தள்ளும் காற்று, 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு விசையுடன் தள்ளும். நாள் முழுதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவ்விசையை எதிர்த்து அமர்ந்திருப்பவர், கப்பலின் பாய்மரத்தைப் போல் ஆகிவிடுவார். பழைய மோட்டார் சைக்கிள் அன்பர்கள் சிலர், இதன் எடையைச் சுட்டி, பொற்சிறகை ‘ஈயச் சிறகு’ என்று எள்ளி நகையாடினர்.

குறையைத் தீர்த்தவர்கள் அதனை வாங்கியவர்களே. அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் ‘விண்ட்ஜாமர்’ என்னும் காற்றுத் தடுப்பை ஆக்கி விற்றுவந்தார். மக்கள் அதனை வாங்கித் தங்கள் வண்டியில் பொருத்திக்கொண்டனர். பெட்டிகளையும், அகன்ற இருக்கைகளையும், பின்னால் அமர்பவருக்கு முதுகுச் சாய்வையும் சேர்த்துக்கொண்டனர். நிறுவனம் விற்ற வண்டி ஒன்று. மக்கள் ஓட்டிய வண்டி மற்றொன்று. ஹோண்டா பொறியியலறிஞர்கள் இதனை அவமதிப்பாகக் கருதாமல் பாடமாகக் கொண்டனர். 1980-இல் 1,085 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் வந்த ‘இன்டர்ஸ்டேட்’ என்னும் வண்டியில், காற்றுத் தடுப்பும் மூன்று பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. மாநிலங்களிடைப் பெருஞ்சாலையின் பெயரையே வண்டிக்கும் சூட்டியது பொருத்தமன்றோ?

அதே 1980-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் நகரிலுள்ள ஹோண்டா தொழிற்சாலையில் அமெரிக்கத் தொழிலாளர்கள் இவ்வண்டியை ஆக்கத் தொடங்கினர். முந்தைய ஆண்டில் 64 பேருடன் திறக்கப்பட்ட தொழிற்சாலை அது. 1983-இல் குடியரசுத் தலைவர் ரேகன், ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில், 700 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடன் இறக்குமதியாகும் மோட்டார் சைக்கிள்களின்மீது 45 சதவீதம் கூடுதல் வரி விதித்தார். அயல்நாட்டு வண்டியைத் தடுக்க எழுந்த அச்சுவருக்கு உட்புறத்திலேயே பொற்சிறகு உருவாகிக்கொண்டிருந்தது! ஜப்பானில் கருக்கொண்டு, ஜெர்மனியில் முகங்காட்டி, அமெரிக்கச் சாலையில் வளர்ந்து, அமெரிக்கர் கையாலேயே ஆக்கப்பட்ட வண்டியை எந்நாட்டுப் பொருள் என்று கூறுவது? இக்கேள்வியைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் சிந்திக்கட்டும்.

1984-இல் எஞ்சின் 1,182 கன சென்டிமீட்டர் ஆயிற்று. பின்னர் 1988-ஆம் ஆண்டின் வண்டியாக வந்த ‘ஜி. எல். 1500’ ஒரு திருப்புமுனை. 1,520 கன சென்டிமீட்டர் கொண்ட அதன் எஞ்சினில் படுக்கை வாட்டில் ஆறு சிலிண்டர்கள் இருந்தன. ஆம், 1972-இல் ஒதுக்கப்பட்ட எம் 1 வண்டியின் கருத்தே, மனிதனுக்கு இடம் விடும் வகையில் திருந்தி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டு வந்தது. நல்ல கருத்து ஒன்று தோல்வியுற்றதாகத் தோன்றினும், அது காத்திருக்கக் கூடும்.

எடை இப்போது ஏறத்தாழ 360 கிலோகிராமாகிவிட்டது. ஓடும்போது எடை தெரியாது, நிறுத்தும்போது தெரியும். சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி நிற்குமாறு வண்டியை நிறுத்திவிட்டால், அதனைப் பின்னுக்குத் தள்ளுவது ஒருவரால் ஆகாத காரியம். ஆகவே எஞ்சினைப் புறப்படச் செய்யும் மின்மோட்டாரையே பயன்படுத்தி, வண்டியை மெல்லப் பின்னோக்கி நகர்த்தும் ஏற்பாட்டைச் செய்தனர். ஓர் உறுப்பு இரண்டு வேலைகளைச் செய்வது சிக்கனமான பொறியியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே எண்களைச் சற்று ஒப்பிட வேண்டும். 999-லிருந்து 1,520-க்கு எஞ்சினின் கொள்ளளவு பாதிக்கு மேல் பெருகியது. குதிரைச் சக்தியோ 80-லிருந்து ஏறத்தாழ 100-க்குத்தான் உயர்ந்தது. கொள்ளளவு பெருகிய அளவுக்கு ஆற்றல் பெருகவில்லையே, இது பின்னடைவு அல்லவா என்று ஒரு மாணவர் கேட்கலாம். இன்னும் வியப்பான ஒப்புமை உண்டு. ஹோண்டாவே 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட 1,000 கன சென்டிமீட்டர் பந்தயவகை வண்டி 200 குதிரைச் சக்திக்கு மேல் தருகிறது. 2018-ஆம் ஆண்டின் கோல்ட் விங் எஞ்சினோ, 1,833 கன சென்டிமீட்டர் இருந்தும் ஏறத்தாழ 125 குதிரைச் சக்தியே தருகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் பின்னதைத் தாழ்ந்தது என்பார்.

ஆனால் அந்த ஆற்றல் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். பந்தயவகை எஞ்சின் தன் உச்ச ஆற்றலைத் தர நிமிடத்துக்கு 14,500 முறை சுழல வேண்டும். கோல்ட் விங் எஞ்சின் 5,500 சுழற்சியிலேயே தன் உச்சத்தைத் தந்துவிடுகிறது. சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசையோ, பந்தயவகையில் 113 நியூட்டன்-மீட்டர். கோல்ட் விங்கில் 170. இருவரும் மூட்டைகளும் ஏறியிருக்கும்போது, மலையேற்றத்திலும் கியரை மாற்றாமல் அமைதியாக இழுத்துச் செல்ல உதவுவது இந்தக் குறைந்த சுழற்சி விசையே. ஆரவாரமின்றி உழைக்கும் எருதைக் குதிரையோடு ஓடவிட்டு, தோற்றதென்று தள்ளிவிடுபவன் உழவறியாதவன் அல்லனோ?

2001-ஆம் ஆண்டின் வண்டி அலுமினியச் சட்டமும் 1,832 கன சென்டிமீட்டர் எஞ்சினும் பெற்றது. 2006-ஆம் ஆண்டின் வண்டியில், உலகில் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் முதன்முறையாக, உயிர்காக்கும் காற்றுப் பை இடம்பெற்றது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவைகளில் உள்ள உணர்கருவிகள் நேர்மோதலை அறிந்தவுடன், ஓட்டுநரின் முன்னே பை விரிந்து அவர் முன்னோக்கி வீசப்படும் வேகத்தைத் தணிக்கிறது. களைப்பைக் குறைத்தல், விபத்து நேராமல் காக்கும் முதல் அரண். இக்காற்றுப் பை, நேர்ந்தபின் காக்கும் இறுதி அரண். எனினும் தலைக்கவசத்தின் தேவையை எந்த அரணும் நீக்கிவிடவில்லை என்பதை நீங்கள் மறத்தலாகாது.

ஒஹையோவில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 2009-ஆம் ஆண்டுடன் நின்றது. சிறிது இடைவெளிக்குப் பின், 2011-இல் ஜப்பானின் குமமோட்டோ தொழிற்சாலையில் கோல்ட் விங் மீண்டும் உருவாகத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டின் வண்டியோ, அதுவரை நடந்துவந்த வழியிலிருந்து திரும்பியது. ஆண்டுதோறும் ஏறிய எடை, ஏறத்தாழ 40 கிலோகிராம் குறைக்கப்பட்டது. முன்சக்கரத்தின் ஏற்ற இறக்கம் வேறாகவும், திசை திருப்புதல் வேறாகவும் பிரிக்கப்பட்டன. ஆகவே பள்ளத்தின் அதிர்ச்சி நேரே கைக்கு வருவதில்லை. விரும்புவோருக்கு இரட்டைக் கிளட்சு கியர் அமைப்பும் கிடைத்தது. ஒற்றைப்படைக் கியர்களை ஒரு கிளட்சும், இரட்டைப்படைக் கியர்களை மற்றொரு கிளட்சும் ஆள்கின்றன. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்தது ஆயத்தமாக நிற்பதால், கியர் மாறுவது தெரியாமல் மாறுகிறது.

இனி மறுபக்கத்தையும் கூறாவிட்டால் இவ்வரலாறு புகழ்மாலையாகிவிடும். இவ்வண்டியின் விலை மிகப் பெரிது. அது எளியவர் வாகனமன்று. வைமன் தம் சிறு வண்டியைத் தண்டவாளக் கட்டைகளின் மேலும் செலுத்தினார்; கோல்ட் விங் நல்ல சாலையையே நம்பி வாழ்வது. வைமனுடைய எஞ்சின் நின்றபோது மிதிகள் உதவின. இவ்வண்டி நடுவழியில் நின்றால் ஒருவரால் உருட்டிச் செல்லவும் அரிது. வசதி மிகுந்தால் விழிப்புக் குறையும் அபாயமும் உண்டு. களைப்புத் தெரியவில்லை என்பது களைப்பே இல்லை என்பதாகாது. மூன்று மணிக்கொரு முறையேனும் இறங்கி இளைப்பாறாத ஓட்டுநரைக் காக்கும் உறுப்பு எந்த வண்டியிலும் இல்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது புலப்படுவது யாது? 1975-லிருந்து 2025 வரை ஐம்பது ஆண்டுகளில் எஞ்சின் நான்கிலிருந்து ஆறு சிலிண்டர்களாயிற்று, சட்டம் மாறிற்று, ஆக்கிய நாடும் மாறி மீண்டது. மாறாதது ஒன்றே: மனித உடலே அதன் அளவுகோல். கை மரத்துப்போகாதா, முதுகு வலிக்காதா, காது இரையாதா, பின்னால் அமர்ந்தவர் அலுத்துப்போவாரா என்னும் எளிய கேள்விகளே பெரிய பொறியியல் விடைகளைப் பிறப்பித்தன. வைமனின் காலத்தில் மனிதன் இயந்திரத்தைத் தாங்கினான். இன்று இயந்திரம் மனிதனைத் தாங்கக் கற்றிருக்கிறது. அக்கல்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆகவே, ஓர் இயந்திரத்தின் அட்டவணையைப் படிக்கும்போது உச்ச எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அது எந்தப் பணிக்காக ஆக்கப்பட்டது, அந்தப் பணியின் கடைசி மணி நேரத்தில் அது எவ்வாறு நிற்கும் என்று கேளுங்கள். இயந்திரங்களை ஆராய்வதற்கு மட்டுமன்றி, நீங்கள் ஏற்கப்போகும் தொழிலை ஆராய்வதற்கும், உங்களை நீங்களே அளந்துகொள்வதற்கும் இக்கேள்வி பயன்படும்.